கெம்பஸ் மாப்பிள்ளை

கடிதம் வந்தபோது நான் மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் நின்றேன். கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவந்தது இல்லை, கைத்தொலைபேசியில் டிங் என்று விழுந்த மின்னஞ்சல். முதல் வரியில் ‘வாழ்த்துகள்’ என்று இருந்தது. இரண்டாவது வரியை நான் வாசிக்கவேயில்லை. ஸ்பிரிங்ளர் சுற்றிக்கொண்டிருப்பதை மறந்து அதற்குள்ளாலேயே ஓடினேன். தலையிலிருந்து கால் வரை நனைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அடுப்படிக்குள் போய் உம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். உம்மா லேசான ஆள் இல்லை. கீழே இறக்கிவிட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “மத்தச் செருப்பு எங்க?”

விசயம் இதுதான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு மாநிலம். அந்த மாநிலத்துக்குச் சொந்தமான ஒரு மகா பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகம். எங்கள் பக்கத்தில் பல்கலைக்கழகம் என்று ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள், கெம்பஸ் என்பார்கள். அந்தக் கெம்பஸ் என்னை ஐந்து வருடம் உதவித்தொகையோடு கூப்பிட்டிருந்தது, நிலத்தடித் தண்ணீரில் ஆராய்ச்சி செய்ய. என்னை! கண்டக்குழி ரோட்டிலிருந்து உள்ளே இறங்கினால் மணலில் சைக்கிள் புதைகிற ஒரு தோட்டத்து வீட்டுப் பிள்ளையை!

அவர்களுக்கு என்னைப் பிடித்துப்போனதற்குக் காரணம் போத்தல்கள். இங்கே விவசாயம் படித்தபோது கடைசி வருட ஆய்வுக்கென்று எங்கள் கரையோரத் தோட்டக் கிணறுகளிலெல்லாம் தண்ணீர் அள்ளிப் போத்தல் போத்தலாக நிறைத்து வைத்திருந்தேன். எந்தக் கிணற்றில் உப்பு ஏறுகிறது, எந்தக் கிணற்றில் உரம் இறங்குகிறது என்று பார்க்கிற வேலை. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஆறு மாதம் மீனுக்கு இடமிருக்கவில்லை. ஒரு நோன்பு நாளில், நோன்பு திறக்கிற அவசரத்தில் ராத்தாவின் மாப்பிள்ளை பதினேழாம் கிணற்றை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். ராத்தா என்றால் என் மூத்த சகோதரி. ஆகவே அவர் எனக்கு மச்சான். என் ஆய்வறிக்கையில் பதினேழாம் கிணற்றுக்கு நேரே ‘மாதிரி தவறிவிட்டது’ என்று எழுதினேன். தவறவில்லை, அது மச்சானின் வயிற்றில் பத்திரமாகத்தான் இருந்தது. அந்த அறிக்கையைப் பற்றி நான் இணையத்தில் பேசியதைக் கேட்டுத்தான் அங்கேயிருந்து ஒரு பேராசிரியை எழுதினார், விண்ணப்பிக்கச் சொன்னார், இப்போது டிங்.

வாப்பா தோட்டத்திலிருந்து வந்து, கை கழுவி, தோளிலிருந்த துவாயில் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, நான் சொன்னது முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “நல்லம்” என்றார்.

ஐயோ, எங்கள் வீட்டில் நல்லம் வேறு, ஓம் வேறு! மழை பெய்தால் நல்லம். அடுத்த வீட்டுக்காரன் வான் வண்டி வாங்கினால் நல்லம். வாப்பா ஒரு காரியத்துக்குச் சம்மதித்தால் மட்டும்தான் ஓம் என்பார், அதுவும் வருடத்துக்கு நாலைந்து தரம். சட்டப்படி எனக்கு அவருடைய ஓம் தேவையில்லை. இருபத்தேழு வயது, கையில் கடவுச்சீட்டு. ஆனால் வாப்பா ஓம் சொல்லாமல் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டு வாசலைத் தாண்ட எனக்குக் கால் வராது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கெம்பஸ் கேட்டிருந்த பதிலுக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. கடிதம் வந்ததோ ஞாயிறு.

“என்ன வாப்பா, நல்லமெண்டா?”

“பாக்காத எடத்துக்குப் புள்ளய எப்பிடி அனுப்புற?” என்றார் வாப்பா. “விசாரிக்கணும்.”

திங்கட்கிழமை பின்னேரம் வாசலில் ஒரு ஸ்கூட்டிச் சத்தம். யன்னலால் எட்டிப் பார்த்தால், கலியாணத் தரகர்! எனக்கும் அவருக்கும் மூன்று வருடப் பகை. மூன்று வருடத்தில் பதினொரு மாப்பிள்ளை கொண்டுவந்தவர், பதினொன்றையும் நான் திருப்பி அனுப்பியவள். ஒருத்தனுடைய உம்மா எங்கள் தென்னைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒருத்தன் தண்ணீர்ப் போத்தல்களைப் பார்த்து, “கலியாணத்துக்குப் பொறகு இதெல்லாம் இரிக்காதானே?” என்று கேட்டான். தரகரைக் கண்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. கெம்பஸுக்குப் பதிலாக வாப்பா ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். விறுவிறு என்று முன்னுக்குப் போய், “இந்தக் கிழமையும் கொண்டுவந்திட்டீங்களா? வெக்கமில்லயா ஒங்களுக்கு?” என்று மூச்சுவிடாமல் கத்தினேன். மனிதர் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“கத்தாத மகள்,” என்றார் வாப்பா. “மாப்பிள்ளைக்கு இல்ல. கெம்பஸுக்கு.”

“என்ன?”

“இவரு முப்பது வருசமா விசாரிக்கிறவரு. இந்தப் பக்கத்தில இவரப்போல விசாரிக்கிற ஆள் இல்ல. கெம்பஸையும் விசாரிக்கட்டும்.”

தரகர் தலைக்கவசத்தைக் கழற்றி, கலைந்த முடியைச் சீவி, மிகுந்த மரியாதையோடு என்னிடம் சொன்னார்: “இதையாவது தட்டாம இரிங்க மகள்.”

நான் சிரிக்கத் தொடங்கினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு, வயிறு நோகிற வரைக்கும். அந்தக் கிழமை முழுக்க எனக்கு இப்படித்தான், பயமும் சிரிப்பும் ஒரே தொண்டையில்.

புதன்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் நடுவீட்டில் கூடினோம். வாப்பா, உம்மா, ராத்தா, மச்சான், தரகர், நான். மச்சான் தன்னுடைய கைத்தொலைபேசி இணையத்தை டீவியோடு இணைத்து வைத்தார். தரகர் கொப்பியில் புதுப்பக்கம் திருப்பி, பழக்கதோஷத்தில் தலைப்பில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதினார். அடுத்த சொல்லுக்குப் பேனை எழுதவில்லை. உதறினார், நாக்கில் தொட்டார், ஒன்றும் ஆகவில்லை. “நானா, அலுமாரியில நல்ல பேனை ஒண்டு வச்சிரிக்கிறீங்களே, அதக் குடுங்களன்” என்று வாப்பாவிடம் கேட்டார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

“அது எழுதுற பேனை இல்ல,” என்றார் வாப்பா. “கையெழுத்து வைக்கிற பேனை.”

அது உண்மை. காணி உறுதிக்கும் ராத்தாவின் கலியாணப் பதிவுக்கும் தவிர அந்தப் பேனை வெளியே வந்ததே கிடையாது. ராத்தா பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்துக்கொடுத்தாள். அதன் முனையில் ஒரு முயல் இருந்தது. தரகர் எழுதும்போதெல்லாம் முயல் தலையாட்டியது, எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

“மாப்பிள்ளைக்கு வயசு?” என்றார் தரகர்.

“நூத்தி அம்பதுக்கு மேல.”

மனிதர் கண்ணிமைக்க வேண்டுமே! “கொஞ்சம் கூடத்தான். தேகம் எப்பிடி?”

“நல்லா இரிக்கி. வருசா வருசம் புதுசு புதுசா கட்டிக்கிட்டே இரிக்கிறாங்க.”

“கூடப்பொறந்ததுகள்?”

“மாநிலத்துக்கு ஒண்டாவது இரிக்கி. எல்லாம் ஒரு சட்டத்தில பொறந்ததுகள்.”

“ஒத்துமையா?”

“புட்போல் நாளில மட்டும் சண்டை.”

“தொழில்?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இரண்டு இரவாக வாசித்து வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் அங்கே கெம்பஸ் என்றால் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மதகுருமாருக்கும்தான். பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் காணி கொடுத்து, இதை விற்று வருகிற காசில் விவசாயமும் இயந்திர வேலையும் படிப்பிக்கிற கெம்பஸ் ஒன்று கட்டு என்றது. தோட்டம் செய்கிறவனுடைய பிள்ளையும் பட்டறையில் வேலை செய்கிறவனுடைய பிள்ளையும் போய்ப் படிக்க வேண்டும், அதுதான் நோக்கம். அப்படித் தொடங்கியது இப்போது மிருக வைத்தியமும் சங்கீதமும் நட்சத்திரமும் படிப்பிக்கிறது. கண்டுபிடித்ததைக் கொண்டுபோய் ஊர் ஊராகத் தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே தனி அலுவலகங்கள், எங்கள் பேச்சில் கந்தோர்கள், வைத்திருக்கிறது. இதையெல்லாம் நான் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடித்தேன்.

அதுவரை சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்த வாப்பா என் பக்கம் திரும்பினார். “தோட்டம் செய்றவன்ட புள்ளைக்கா தொடங்கினது?”

“ஓம் வாப்பா. அதுக்கெண்டே.”

“ம்” என்றார். அந்த ம் நல்லத்தைவிடக் கொஞ்சம் மேல். எனக்குக் கதிரையில் இருக்க முடியவில்லை.

அடுத்தது சொத்து. சொந்தமாக பஸ், சொந்தமாகப் பொலிஸ், சொந்தமாகத் தீயணைப்பு வண்டி, சொந்தமாக மின்சார நிலையம் என்று நான் அடுக்கினேன். “கரன்டும் சொந்தமா? நம்மட நுரைச்சோலை பவர் ஸ்டேசன் மாதிரியா?” என்று மச்சான் வாயைப் பிளந்தார். படிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உம்மா கேட்க, நான் தொகையைச் சொல்ல, உம்மாவுக்கு அது பிடிபடவில்லை. “எத்தின சஹன் வரும்?” என்றார். எங்கள் வீட்டுக் கலியாணங்களில் ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவோம், அந்தத் தட்டுத்தான் சஹன். கூட்டத்தை நாங்கள் தலையால் எண்ணுவதில்லை, சஹனால்தான். மச்சான் கைத்தொலைபேசியில் ஆறால் வகுத்துச் சொன்னார். உம்மா நெஞ்சில் கைவைத்து, “அல்லாஹ்வே, யாரு கழுவுற?” என்றார்.

“காணி பேர்மிட்டா, உறுதியா?” அரசாங்க அனுமதியில் இருக்கிற காணியா, சொந்தப் பத்திரம் உள்ளதா என்று தரகர் விடாமல் கேட்டார்.

“உறுதிதான்.”

“அரசாங்கம் குடுத்த காணி எண்டீங்களே. அரசாங்கத்துக்கு எப்பிடி வந்தது? அதுக்கு முந்தி யாருட காணி?”

இதை நான் மறைக்க நினைக்கவில்லை, ஆனால் அவர் கேட்பார் என்று எதிர்பார்க்கவும் இல்லை. “அங்க முந்தி இருந்த ஆக்கள்ட காணி. அவங்கள அனுப்பிட்டுத்தான் எடுத்தாங்க.”

தரகர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. இளந்தாரி வயதில், வடக்கிலிருந்து முஸ்லிம்களையெல்லாம் விரட்டியபோது, ஒரு பையோடு கடலால் வந்து கரையேறியவர். இங்கேதான் கலியாணம் முடித்தார், இங்கேதான் இத்தனை வீட்டுக் கலியாணங்களையும் முடித்து வைத்தார். “அவங்களும் ஒரு பையோடதான் போயிரிப்பாங்க” என்றார்.

“இப்ப கூட்டம் தொடங்க முந்தி, இது இன்னாருட காணி எண்டு சொல்லிட்டுத்தான் தொடங்குவாங்களாம்” என்றேன்.

“சொல்லிட்டு? திருப்பிக் குடுப்பாங்களா?”

“இல்ல.”

“அப்ப சும்மா சொல்றது.” பென்சிலை எடுத்து, ‘காணியில் பிரச்சினை உண்டு’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

சம்பந்தம் பேசினால் வான் பிடித்துப் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அமெரிக்காவுக்கு வான் போகாது. ஆகவே டீவியில் கெம்பஸைச் சுற்றிக்காட்டுகிற வீடியோ ஒன்றைப் போட்டேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்கதிரைக்கு வந்தார். நூலகம் வந்தது. “இவ்வளவு புத்தகத்தையும் யாரு தூசி தட்டுற?” சாப்பாட்டு மண்டபம் வந்தது. “அடுப்படி எங்க? அடுப்படியக் காட்டாம மறைக்கிறாங்க, பாருங்க.” வாப்பாவுக்கு ஒரே கேள்விதான், “கிணறு எங்க?” நான் குழாயைக் காட்டினேன். குழாய்க்குப் பின்னால் கிணறு இருக்க வேண்டுமே என்று அவர் கடைசி வரை தேடினார்.

பிறகு மாட்டுப்பட்டி வந்தது. இதை நான் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும், என் பிழை. கொழுத்த ஒரு மாடு, நிம்மதியாக அசைபோடுகிறது. அதன் விலாவில் வட்டமாக ஒரு மூடி. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் பிள்ளை சிரித்துக்கொண்டே மூடியைக் கழற்றி, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி புல்லை வெளியே எடுத்தாள்.

“யா அல்லாஹ்! மாட்டுக்கு யன்னல் வச்சிரிக்கிறாங்க!”

உம்மா கத்தியது பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். மச்சான் எழுந்து டீவிக்குக் கிட்டப் போனார். ராத்தா சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் இருந்தேவிட்டாள். தரகர் முயலை ஆட்டி ஆட்டி எதையோ வேகமாக எழுதினார். அது மாட்டுக்கு நோகாது, என்ன தின்றால் எப்படிச் செரிக்கிறது என்று பார்க்கத்தான், மாடு நீண்டகாலம் நல்லாக இருக்கும் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்டார்கள்!

“மாட்டையே விடல்ல,” என்றார் உம்மா. “என்ட புள்ளைக்கி எங்கெங்க மூடி வைப்பாங்களோ.”

சொன்னவர் சிரிக்கத் தொடங்கினார், சிரித்தபடியே அழத் தொடங்கினார். “எங்கட பக்கம் மாப்பிள்ளதான் பொண்ணு ஊட்டுக்கு வாற. பொண்ணு எங்கயாவது பொறப்பட்டுப் போறதா? எனக்கி இது ஏலா.”

“நானும் வந்து பதினொரு வருசம்,” என்றார் மச்சான். “இன்னும் எனக்கு அலுமாரியில ஒரு தட்டுத்தான்.”

உம்மாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மச்சானின் முதுகில் ஒன்று போட்டார்.

தரகர் அசையவில்லை. “ஊட்டுக்காரன் ஊட்டப் பத்தி நல்லாத்தான் சொல்லுவான்,” என்றார். “பக்கத்துக் கடைக்காரனக் கேக்கணும்.” இது அவருடைய தொழில் இரகசியம். மாப்பிள்ளை வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பலசரக்குக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு நின்றால் எல்லா உண்மையும் வந்துவிடுமாம். மச்சான் வரைபடத்தில் கெம்பஸைப் பெருப்பித்து, அதன் ஓரத்தில் ஹலால் இறைச்சிக் கடை ஒன்றைப் பிடித்துவிட்டார். தொலைபேசி இலக்கமும் போட்டிருந்தது. அங்கே அப்போது காலை. நான் வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுக்க, மச்சான் அழைப்பை எடுத்தேவிட்டார். கட்டார் நாட்டில் எட்டு வருடம் வாகனம் ஓட்டியவர், ஹிந்தி அவருக்குச் சோறு மாதிரி. மறுபக்கம் ஒரு வயதான குரல், அதே பாஷையில், ஸலாம் சொன்னது.

மச்சான் பெண் வீட்டுத் தோரணையில், இப்படி இப்படி, எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறது, உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, ஆள் எப்படி என்று கேட்டார். கடைக்காரர் மிகவும் பொறுப்பாக, பையனின் பெயர் என்ன என்று கேட்டாராம். மச்சான் கெம்பஸின் பெயரைச் சொன்னார். பிறகு கைத்தொலைபேசி அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நாங்கள் ஆறு பேரும் அதற்குச் சேர்ந்து சிரித்தோம், வாப்பாகூட மீசைக்குள்ளால்.

சிரித்து முடித்துக் கடைக்காரர் விசாரணைக்கு ஒழுங்காகப் பதில் சொன்னார். மச்சான் ஒவ்வொன்றாகத் தமிழாக்க, தரகர் எழுதினார். ஆள் பெரிய ஆள், ஆனால் தலைக்கனம் இல்லை. சனிக்கிழமை விளையாட்டு நாளில் குடியும் கூத்தும் உண்டு, அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மற்றப்படி பிள்ளைகள் படித்துப் படித்துப் பசியோடு வந்து நிற்பார்கள். ஜும்மா தொழுகைக்கு கெம்பஸுக்குள்ளேயே இடம் கொடுக்கிறார்கள். பனி காலத்தில் முதல் வருடம் எல்லோரும் அழுவார்கள், இரண்டாம் வருடம் காலுக்குத் தடித்த சப்பாத்து வாங்குவார்கள். ஒரேயொரு குறை, அங்கே விற்கிற மிளகாய் உறைக்காது.

“உறைக்காதா?” வாப்பா நிமிர்ந்தார். மிளகாய்த் தோட்டக்காரரிடம் சொல்கிற கதையா அது? “அப்ப அத ஏன் வாங்கிற?” பிறகு குரலைத் தணித்து மச்சானிடம் சொன்னார்: “புள்ளைக்கி ஒரு வருத்தம் கிருத்தம் வந்து படுத்தா அங்க யாரு பாக்கிற எண்டு கேளு.”

மச்சான் கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. “என் மனைவி பார்ப்பாள் என்று சொல்லுங்கள். எங்கள் மகளும் வேறு ஊரில் படிக்கிறாள், அவளையும் யாரோ பார்க்கிறார்கள்” என்றார் அந்த மனிதர். மச்சான் அதை இரண்டு தரம் தமிழாக்கினார். உம்மா திரும்பவும் முந்தானையை எடுத்தார்.

தரகர் கொப்பியை மூடினார். “என்ட வேல முடிஞ்சிது நானா. வயசு கூட. காணியில பிரச்சினை. மாடு விசயம் எனக்கு வெளங்கல்ல. ஆனா புள்ளய வச்சிப் பாப்பாங்க.” அவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “பன்ரெண்டாவது இதுதான்,” என்றார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. மூன்று வருடப் பகை அந்த இடத்திலேயே போய்விட்டது.

வியாழக்கிழமை வாப்பா வாய் திறக்கவேயில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன், குடித்தார். வெற்றிலை கொண்டுபோனேன், போட்டார். தோட்டத்தில் பின்னாலேயே போய்ப் புல் பிடுங்கினேன், மிளகாய்க் கன்றையும் சேர்த்துப் பிடுங்கினேன். அதற்குக்கூட ஏசவில்லை. பிள்ளையின் அவதியைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருக்க என்ன நெஞ்சு அது என்று கோபம் கோபமாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர் சேர்ட்டை மாற்றவில்லை. பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சேர்ட். கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைமுடியைத் திரும்பவும் வாரினார். அலுமாரியைத் திறந்தார். அந்தப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் கோடு கிழித்துப் பார்த்தார். மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“கொண்டா,” என்றார். “எங்க வைக்கிற?”

நான் லெப்டொப்பைக் கொண்டுபோய் வைத்தேன். மச்சான் எனக்குப் பின்னால் வந்து நின்றார், உம்மா அவருக்குப் பின்னால். ராத்தா அடுப்படி வாசலில் அகப்பையோடு நின்றாள். திரையில் இரண்டு பெட்டி, ஏற்றுக்கொள்கிறேன், மறுக்கிறேன். அதற்குக் கீழே பெயர் எழுத ஒரு கோடு. வாப்பாவுக்கு ஆங்கிலம் வராது. விரலால் திரையை மேலிருந்து கீழ் வரைக்கும் தடவிக்கொண்டு வந்து, தன்னுடைய இடத்தைத் தேடினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் கலியாணப் பதிவில் பெண் கையெழுத்து வைப்பதில்லை. பெண்ணுக்குப் பொறுப்பான ஆண், அநேகமாகத் தகப்பன், அவள் சார்பில் வைப்பார். அவரை வொலி என்போம். வாப்பா கெம்பஸுக்கு வொலியாக வந்திருந்தார்.

“வாப்பா,” என்றேன். “ஒங்கட கையெழுத்துக்கு இதில எடமில்ல.”

“தகப்பன்ட பேர்?”

“கேக்கல்ல.”

“வொலி?”

“இல்ல வாப்பா. என்ட பேர் மட்டும்தான்.”

விரல் அந்தக் கோட்டில் நின்றது. இந்த மனிதர் இப்போது எழுந்து போய்விடப்போகிறார் என்று நினைத்தேன். வெள்ளைச் சேர்ட்டும் வாரின தலையுமாக அவர் அப்படி இருந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடித்தது. ஒரு தாளை எடுத்து, இதில் வையுங்கள் வாப்பா, நான் அனுப்புகிறேன் என்று பொய் சொல்லக்கூட வாய் வந்தது.

“இதில பாருங்க மாமா,” என்றார் மச்சான், சமாளிக்க நினைத்து. “பொத்தான அமத்தினாப் பொறகும் விடாதாம். உறுதிதானா எண்டு திருப்பியும் கேக்குமாம்.”

“ரெண்டு தரம் கேக்கிறாங்களா?” என்றாள் ராத்தா வாசலிலிருந்து. “எனக்கு ஒரு தரமும் கேக்கல்லயே!”

பகிடியாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம், மச்சான்தான் அதிகம் சிரித்தார். ராத்தாவின் கலியாணத்தன்று நான் அவளோடு அறைக்குள் இருந்தவள், பதினாறு வயது. வெளியே ஓதுகிற சத்தம் கேட்டது, பிறகு வாப்பா இதே பேனையோடு வாசலில் வந்து நின்று, “முடிஞ்சிது மகள்” என்றார். அப்படித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

வாப்பா சிரிக்கவில்லை. பேனையை மூடிச் சேர்ட் பைக்குள் வைத்தார். கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“மகள், ஒனக்குச் சம்மதமா?”

இதற்கு முந்தி வாப்பா என்னிடம் அப்படிக் கேட்டதேயில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. “சம்மதம் வாப்பா.”

“அப்ப அமத்து.”

அமத்தினேன். அது திருப்பிக் கேட்டது. திருப்பியும் அமத்தினேன். உம்மா பிஸ்மி சொன்னார். மச்சான் என் தலையில் ஒரு குட்டுப் போட்டார். நான் கதிரையிலிருந்து துள்ளி எழும்பி ஒரு சுற்றுச் சுற்றினேன், என் முழங்கை பட்டு மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை உருண்டது.

வாப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒன்னட்ட அண்டைக்கி நான் கேக்கல்ல,” என்றார்.

ராத்தாவின் அகப்பையிலிருந்து மீன் ஆணம் சொட்டியது. “கேட்டிருந்தா நான் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன் வாப்பா.”

“தெரியும்.”

“ஆனா கேட்டிருக்கலாம்.”

“ஓம்,” என்றார் வாப்பா.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் தவமிருந்த ஓம் அது. எனக்கு அவர் கடைசி வரைக்கும் அதைச் சொல்லவில்லை, அமத்து என்றுதான் சொன்னார். ராத்தா அடுப்படிக்குள் திரும்பிப் போனாள், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. மீன் ஆணம் அடிப்பிடிக்கிற மணம் வந்தது. மச்சான் என்னைப் பார்த்தார், நான் உம்மாவைப் பார்த்தேன். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.